மக்கர் பண்ணும் பிரஸ்

தோட்டா நிரப்பும் பிரஸ்ஸின் கைப்பிடியைக் கீழே இழுக்க வேண்டும், மேலே கொண்டுபோக வேண்டும், கடைசியில் முன்பக்கமாக ஒரு தள்ளு. அந்தத் தள்ளில்தான் பிரைமர், அதாவது தோட்டாவைப் பற்றவைக்கிற குட்டி மூடி, பித்தளைக் கூட்டின் அடிப்பள்ளத்தில் போய் உட்காரும். மிளகு அளவு சாமான் அது. சரியாக உட்கார்ந்தால் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்: முதலில் லேசான இறுக்கம், அப்புறம் கெட்டியாக ஒரு நிறுத்தம். குறுக்காக விழுந்திருந்தால் இறுக்கம் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் அழுத்தினால் உள்ளே போகும் என்று தோன்றும், போகவும் போகும், ஆனால் அழுத்தப்படுவது வெடிக்கிற பொருள். இந்த வித்தியாசத்தை என் கை கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் ஆனது.

நான் வீட்டில் தோட்டா நிரப்புகிறவன். பென்சில்வேனியாவின் மேற்குப் பக்கம், பிட்ஸ்பர்க்கிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் வீடு. பேஸ்மென்ட்டில் துணி துவைக்கும் மெஷினுக்கு எதிர்ச்சுவரில் ஒரு மேசை, அதன்மேல் இரண்டு பிரஸ். தமிழ் நண்பர்களிடம் சொன்னால் முதலில் ஒரு அமைதி வரும், பிறகு "இதெல்லாம் சட்டப்படி செய்யலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஒரே ஒரு தோட்டாகூட வைத்திருக்க முடியாது. அந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு, ஒருவர் சமையலறைக்குக் கீழே உட்கார்ந்து தோட்டா செய்கிறார் என்றால் பயம் வரத்தான் செய்யும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்லை. செய்து விற்கத் தொடங்கினால்தான் தயாரிப்பாளர் லைசென்ஸ் வாங்க வேண்டும். நான் ஒரு தோட்டாகூட விற்றதில்லை, யாருக்கும் சும்மா கொடுத்ததும் இல்லை. இன்னொருவர் நிரப்பியதை நானும் சுடமாட்டேன்.

என்னை இதற்குள் இழுத்தவர் எதிர்வீட்டுப் பெரியவர். இரும்பாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இந்தப் பக்கம் மான் வேட்டை என்பது திருவிழா மாதிரி. தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கட்கிழமை வேட்டை தொடங்கும் என்பதால் பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுவார்கள். 2019இல்தான் தொடக்க நாளை அதற்கு முந்தின சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். நான் வேட்டைக்குப் போகிறவன் இல்லை. கிரீன் கார்டு வந்த பிறகு ஒரு .38 ஸ்பெஷல் ரிவால்வர் வாங்கி, கிளப்பில் சேர்ந்து, காகித இலக்கைச் சுட ஆரம்பித்தேன். பெரியவர் ஒருநாள் தன் பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிப்போய், 1960களில் வாங்கிய பழைய வார்ப்பிரும்பு பிரஸ் ஒன்றைக் காட்டினார். அவர் சுட்ட வெறும் கூடு ஒன்று உள்ளே போய், நாலு வேலைக்குப் பிறகு முழுத் தோட்டாவாக வெளியே வந்ததைப் பார்த்தேன். அன்றைக்கே எனக்கு இது பிடித்துப்போய்விட்டது. நான் லேத் பட்டறைக்காரர் மகன். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு முன்பக்கமே பட்டறைதான். எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்த அந்த வாசனையை அமெரிக்காவில் முதல்முதலாக அந்தப் பேஸ்மென்ட்டில்தான் முகர்ந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தோட்டாவில் நாலு பாகம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. துப்பாக்கியின் ஊசி பிரைமரைக் குத்தும், பிரைமர் தீப்பொறி தரும், மருந்து எரிந்து வாயுவாகும், வாயு குண்டைத் தள்ளும். தீபாவளிக்குப் பொட்டுக் கேப்பைக் கல்லில் வைத்துத் தட்டியவர்களுக்குப் பிரைமர் என்ன செய்கிறது என்று விளக்கவே வேண்டாம். சுட்டபின் பிரைமரும் மருந்தும் குண்டும் தீர்ந்துபோகும், கூடு மட்டும் மிச்சம். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் சேர்ந்த நல்ல பித்தளை. சுடும்போது விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டும், அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்கும். அந்த விரிந்த கூட்டை டை என்கிற இரும்பு அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, செத்த பிரைமரைத் தட்டி எடுத்து, புதுசு வைத்து, மருந்து அளந்து போட்டு, குண்டைப் பொருத்தினால் தோட்டா தயார். .38 ஸ்பெஷல் போல அழுத்தம் குறைந்த தோட்டாவாக இருந்தால் ஒரே கூட்டைப் பத்துத் தடவைக்கு மேல் உபயோகிக்கலாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் மருந்தின் அளவை. இங்கே எல்லாமே கிரெயின் கணக்கு. 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒரு கிரெயின் 0.0648 கிராம். நம் ஊர் ஆசாரி தங்கம் நிறுத்த குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெயின் வரும். ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கைத் தராசில் பார்த்துச் சரிசெய்கிற வேலை இது. எந்த மருந்து எந்தக் குண்டுக்கு எத்தனை கிரெயின் என்று இங்கே எழுதமாட்டேன், யார் கேட்டாலும் வாயால் சொல்லவும் மாட்டேன். மருந்துக் கம்பெனிகளும் குண்டுக் கம்பெனிகளும் அழுத்தம் அளந்து பார்த்துக் கையேடு போடுகிறார்கள். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, குறைந்த அளவில் தொடங்கி, படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

சரி, பிரஸ்ஸுக்கு வருகிறேன்.

பிரஸ்ஸில் இரண்டு ஜாதி. ஒன்று, பெரியவர் வைத்திருந்தது மாதிரி, ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்வது. இருநூறு கூட்டையும் முதலில் அளவுக்குக் கொண்டுவருவீர்கள், பிறகு டையைக் கழற்றி வேறு டை மாட்டி அடுத்த வேலை. இன்னொன்று புரோகிரசிவ். வட்டத் தட்டு ஒன்றில் ஐந்து கூடு சுற்றி நிற்கும். ஒரு இழுப்பில் ஐந்துக்கும் ஐந்து வேலை நடக்கும், தட்டு ஒரு நிலை நகரும், தயாரான தோட்டா ஒன்று தொட்டியில் விழும். ஒரு மணி நேரத்தில் நானூறு சாதாரணமாகச் செய்யலாம் என்பார்கள், செய்யலாம்தான். ஆனால் ஐந்து நிலையும் ஒரே நேரத்தில் சரியாக இருந்தால்தான் அந்தக் கணக்கு. ஒன்று பிசகினால் ஐந்தும் நிற்கும்.

நான் வாங்கியது புரோகிரசிவ். வந்த முதல் மாதத்திலிருந்தே மக்கர். முப்பது இழுப்பு நன்றாக ஓடும், முப்பத்தொன்றாவதில் தட்டு முக்கால் நிலையில் நின்றுவிடும். பிரைமர் ஒன்று கவிழ்ந்து விழும். பிரைமரை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுக்க வழுக்கிப் போக வேண்டிய பிரைமர் பட்டை மணலில் இழுத்த மாதிரி நெருடும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீட்டுக் காற்று காய்ந்துவிட்டால் மருந்துத் துகள் பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்சாரத்தால் ஒட்டிக்கொள்ளும், அளவு மாறும். கோடையில் பேஸ்மென்ட்டில் ஈரம் கட்டும், ஈரம் உறிஞ்சும் மெஷினை ஓட விடாவிட்டால் இரும்புப் பாகத்தில் இரண்டு வாரத்தில் துருப்பொட்டு வரும். இதில் பாதிக்கு மேல் பிரஸ்ஸின் குற்றம் இல்லை என்று இப்போது தெரிகிறது. மேசையே ஆடிக்கொண்டிருந்தது. பிரஸ்ஸில் கொடுக்கிற பலத்தில் பாதி மேசையை அசைப்பதில் போய்விட்டால், கைக்குத் தெரிய வேண்டிய சேதி தெரியாமல் போகும். மேசையைச் சுவர்க் கட்டையோடு சேர்த்து போல்ட் போட்டேன். அடுத்த நாள் பிரஸ் வேறு மெஷின் மாதிரி இருந்தது.

ஆனால் தட்டு நிற்பது மட்டும் நிற்கவில்லை. ஒரு வியாழக்கிழமை ராத்திரி அது நின்ற நிறுத்தத்தின் பலனைச் சனிக்கிழமை கிளப்பில்தான் கண்டுபிடித்தேன்.

மூன்றாவது சுற்றில் நான்காவது தோட்டா. விசையை இழுத்தேன். 'டப்' என்று வர வேண்டிய சத்தம் 'பொத்' என்று வந்தது. கையில் உதையே இல்லை. நானும் பழக்க தோஷத்தில் அடுத்ததைச் சுட விரலை விசைக்குக் கொண்டுபோய்விட்டேன். பக்கத்து மேசையில் நின்ற பெரியவர் "சுடாதீங்க! சுடாதீங்க!" என்று இரண்டு தடவை கத்தினார். அந்த மனிதர் கத்தி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. துப்பாக்கியை இலக்குப் பக்கமாகவே பிடித்தபடி சிலிண்டரைத் திறந்து, தோட்டாக்களை வெளியே தட்டினேன். அவர் தன் பையிலிருந்து ஒரு பித்தளைக் கம்பியை எடுத்துக் குழலின் முன்வாய் வழியே விட்டார். கம்பி பாதியில் நின்றது. அந்தத் தோட்டாவில் மருந்தே இல்லை. பிரைமர் மட்டும் வெடித்து, அந்தச் சின்ன வேகத்தில் குண்டு குழலுக்குள் போய் மாட்டிக்கொண்டு இருந்தது. அடுத்த தோட்டாவைச் சுட்டிருந்தால் அந்தக் குண்டு இந்தக் குண்டின் முதுகில் போய் இடித்திருக்கும். குழல் உப்பும், இல்லையென்றால் வெடிக்கும். என் இடதுகை விரல்கள் சிலிண்டரிலிருந்து இரண்டு அங்குலத்தில் இருந்தன.

கம்பியை வைத்து மெல்லத் தட்டித் தட்டிக் குண்டை வெளியே எடுத்தோம். சாம்பல் நிற ஈயக் குண்டு, பக்கவாட்டில் குழலின் முறுக்குத் தடம் அழகாகப் பதிந்திருந்தது. அதை மேசைக்கு மேலே, கண் மட்டத்தில் ஒரு ஆணியில் கட்டி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்த வியாழக்கிழமை ராத்திரி படம் மாதிரி ஓடியது. தட்டு முக்காலில் நின்றது. சிக்கிய பிரைமரை எடுக்கத் தட்டைக் கையால் ஒரு நிலை நகர்த்தினேன். நடுவில் மேலேயிருந்து மகள் கூப்பிட்டாள், "வர்றேன்டா கண்ணு" என்று பதில் சொன்னேன். திரும்பக் கைப்பிடியைப் பிடித்தபோது, மருந்து விழுகிற இடத்தை ஒரு கூடு தாண்டிவிட்டது எனக்குத் தெரியவில்லை. அடுத்த இழுப்பில் குண்டு அதன் வாயை மூடிவிட்டது. மூடிய பிறகு வெளியிலிருந்து எதுவும் தெரியாது. நிறுத்துப் பார்க்கலாமே என்று நினைத்தேன். ஆனால் கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு எடையில் உள்ள வித்தியாசமே மருந்தின் எடைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதனால் அன்றைக்குச் செய்ததில் மிச்சம் இருந்த 187 தோட்டாவையும் பிரித்தேன். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் இருக்கிறது. தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டிக் கட்டையில் ஓங்கி அடித்தால் குண்டு கழன்று வரும். மூன்று ராத்திரி அடித்தேன். 187லும் மருந்து சரியாகவே இருந்தது.

இந்த .38 ஸ்பெஷலில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இந்தத் தோட்டா 1898இல் வந்தது. அப்போது அதில் போட்டது கரிமருந்து. கரிமருந்துக்கு இடம் நிறைய வேண்டும், அதனால் கூடு நீளம், 1.155 அங்குலம். இன்றைக்குப் போடுகிற புகையில்லா மருந்துக்கு அந்த இடத்தில் கால்வாசிகூடத் தேவைப்படாது. மருந்து அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இல்லாமலிருந்தாலும் சட்டென்று தெரியாது, இரண்டு தடவை விழுந்தாலும் வழியாது. மருந்து இல்லாத தோட்டா குழலில் குண்டை மாட்டும், இரண்டு மடங்கு மருந்து துப்பாக்கியையே பிளக்கும். இதற்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வேகமாக எரிகிற மருந்தை இரட்டித்தால் அந்த வரம்பு எங்கேயோ போய்விடும்.

இதைத்தான் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. பிரஸ் ஓடும்போது ஆபத்து குறைவு. நின்ற பிறகு, நாம் அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டுகிற அந்த அரை நிமிஷத்தில்தான் தப்பு நுழைகிறது. எது எந்த நிலையில் இருந்தது என்ற கணக்கு அப்போதுதான் தவறும். இப்போது பிரஸ் நின்றால், காரணம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், தட்டில் உள்ள ஐந்து கூட்டையும் எடுத்துவிடுவேன். மருந்தைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டு, வெறும் தட்டிலிருந்து ஆரம்பிப்பேன். குண்டு வைக்கிற நிலைக்கு மேலே ஒரு சின்ன எல்இடி விளக்கு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் மருந்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குண்டை வைப்பேன். போன் மாடியில் இருக்கும். மேசையில் ஒரு சமயத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும், ஏனென்றால் இரண்டு இருந்தால் என்றாவது ஒருநாள் தப்பான டப்பாவில் திரும்பக் கொட்டிவிடுவோம். மகள் "அப்பா வேலையா இருக்கார்" என்று தெரிந்துகொள்ளப் படிக்கட்டுக் கதவில் சிவப்பு ரிப்பன் ஒன்று கட்டுவேன். ரிப்பன் இருந்தால் வீட்டில் யாரும் கூப்பிடமாட்டார்கள். வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அவளைத் தூக்கமாட்டேன், ஈயம் குழந்தைகளுக்கு ஆகாது.

தட்டு ஏன் நிற்கிறது என்பது மட்டும் அப்போதும் விளங்கவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன், பாகம் ஒன்று மாற்றிக்கூட அனுப்பினார்கள். தீரவில்லை.

அந்தக் கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அம்மா ஒரே ஒரு தடவை பேஸ்மென்ட்டை எட்டிப் பார்த்து, "வீட்ல புள்ளைய வெச்சுக்கிட்டு இதென்னடா" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். பெட்டி பூட்டியிருக்கிறதா, மருந்து எங்கே இருக்கிறது என்று அப்புறம் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். இங்கே தீயணைப்பு விதி வீட்டில் புகையில்லா மருந்து அதன் சொந்த டப்பாவில் 20 பவுண்டு வரை, பிரைமர் 10,000 வரை என்கிறது. என்னிடம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருந்ததில்லை. அடைப்பில்லாத இடத்தில் இந்த மருந்து வெடிக்காது, வேகமாக எரியும், அவ்வளவுதான். பிரைமரைத்தான் ஒருபோதும் கொட்டிக் குவித்து வைக்கக் கூடாது. ஒன்று வெடித்தால் மற்றதும் சேர்ந்து வெடிக்கும். கடையிலிருந்து வந்த தட்டிலேயே, ஒன்றுக்கொன்று இடைவெளியோடு இருக்க வேண்டும். அம்மா திருப்தியானாரா தெரியாது, ஆனால் பிறகு கேட்கவில்லை.

அப்பா நேரே பிரஸ்ஸிடம் போனார். துப்பாக்கியில் அவருக்கு ஆர்வமே கிடையாது. கடைசிவரை ரிவால்வரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிரஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தார். "என்ன கண்ணு, நம்ம பிளை பிரஸ்ஸுக்குத் தம்பியாட்டம் இருக்குது" என்றார். மருந்து, பிரைமர் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டு, வெறும் பிரஸ்ஸை அவரிடம் கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பிடியை மெல்ல இழுத்தார், விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் தட்டின் நடு போல்ட்டைக் காட்டி, "இத யாரு டைட் வெச்சது?" என்று கேட்டார்.

"கம்பெனியிலயே வெச்சு அனுப்பினாங்கப்பா."

"ஆட்டம் இருக்குது பாரு" என்று தட்டின் ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்தினார். ஒரு பக்கம் மயிரிழை இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறியது. ஒவ்வொரு இழுப்பிலும் அந்த போல்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வந்திருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய குட்டித் திருகாணி மறையில் பாதிதான் ஏறியிருந்தது. தட்டு சாய்ந்தால் நிலை தப்பும், பிரைமரும் குறுக்கே விழும்.

அதோடு விடவில்லை. தட்டைக் கழற்றி வெள்ளைத் துண்டின்மேல் வைத்தார். அடியில் சாம்பல் நிறத் துகள், கேழ்வரகு மாவில் தவிடு தங்கின மாதிரி. எல்லாம் மருந்து. "இது எப்படி இங்க வந்துச்சு? கொட்டுனாத்தான வரும், ஏன் கொட்டுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே தட்டைத் திரும்ப மாட்டி, ஒரு கூட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்துக் கைப்பிடியை இழுத்தார். தட்டு நகர்ந்து நின்றது, கூட்டிலிருந்து தண்ணீர் தெறித்தது. ஒவ்வொரு நிலையிலும் தட்டைப் பிடித்து நிறுத்த அடியில் ஒரு குட்டி இரும்பு உருண்டையும் ஸ்பிரிங்கும் இருக்கிறது. அந்த ஸ்பிரிங் தேவைக்கு மேல் விறைப்பு. தட்டு நிலைக்கு வரும்போது வெடுக்கென்று குதிக்கிறது. அந்தக் குதிப்பில் மருந்து இரண்டு துகள், மூன்று துகள் என்று வெளியே சிந்துகிறது. ஆயிரம் இழுப்பில் அது தட்டுக்கு அடியிலும் பிரைமர் பட்டைக்குள்ளும் போய்ச் சேர்கிறது. இந்த மெஷினை வருஷக்கணக்கில் வைத்திருக்கிற பலர் இதே ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. கட்டிங் பிளேயரால் ஒரு சுற்று வெட்டினார், வெட்டிய முனையின் பிசிரை எண்ணெய்க் கல்லில் தேய்த்தார், மாட்டினார். மறுபடி கூட்டில் தண்ணீர். தட்டு நகர்ந்தது, தண்ணீர் அசைந்தது, தெறிக்கவில்லை.

அந்த ஒரு நாளுக்குப் பிறகு பிரஸ் ஒரே மூச்சில் இருநூறு, முன்னூறு ஓடியிருக்கிறது.

இந்தச் சாமான்கள் எல்லாமே இப்படிப்பட்ட பட்டறைக்காரர்கள் செய்ததுதான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் கலிபோர்னியாவின் ஓரோவில்லில் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவருக்குச் சின்ன விலங்குகளைச் சுடுகிற குண்டு கிடைக்கவில்லை. சுட்டுப்போட்ட .22 கூடுகளையே குண்டின் மேலுறையாக மாற்றுகிற டை ஒன்றை 1943இல் செய்தார். அந்த டைக்கு வைத்த பெயரின் முதலெழுத்துகள்தான் இன்றைக்குப் பச்சை நிறப் பிரஸ்ஸில் இருக்கிற ஆர்சிபிஎஸ் என்ற கம்பெனிப் பெயர். போர் முடிந்ததும் கான்சாஸில் புரூஸ் ஹாட்ஜ்டன் ராணுவத்தில் மிஞ்சிய மருந்தை மொத்தமாக வாங்கி, ஒரு மாட்டுப் புல்வெளியில் பழைய ரயில் பெட்டி ஒன்றை நிறுத்தி, அதில் வைத்து விற்றார். இன்னொரு வேடிக்கை: கூட்டின் அடியில் ஒரே ஓட்டை வைத்து எளிதாகத் தட்டி எடுக்கக்கூடிய பிரைமரைக் கண்டுபிடித்த பாக்ஸர் ஆங்கிலேயர். கூட்டில் இரண்டு ஓட்டை வைக்கிற, வீட்டில் நிரப்பச் சிரமமான பிரைமர் பெர்டன் என்ற அமெரிக்கருடையது. அமெரிக்கா பாக்ஸரை எடுத்துக்கொண்டது, ஐரோப்பாவில் பெர்டன் பரவியது. அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கு இத்தனை பெரிதாக வளர்ந்ததற்கு அந்த ஒற்றை ஓட்டையும் ஒரு காரணம்.

நம் ஊரோடு உண்மையாகவே தொடர்புள்ள கதையும் ஒன்று இருக்கிறது, அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. பிரிட்டிஷ்காரர்கள் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழை முடிந்து திறந்து பார்த்தால் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டிருக்கும். பருவ விரிசல் என்றே அதற்குப் பெயர் வந்தது. 1921இல்தான் காரணம் தெளிவானது: குதிரை மூத்திரத்திலிருந்து வருகிற அம்மோனியா. இழுத்து, அழுத்தி வடிவமைத்த பித்தளைக்குள் ஒரு விறைப்பு தங்கியிருக்கும். அம்மோனியா பட்டால் அந்த விறைப்புள்ள இடத்தில் விரிசல் கிளம்பும். அதனால்தான் அம்மோனியா கலந்த பாலிஷைக் கூட்டில் தடவக் கூடாது. அம்மா பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார் அல்லவா, அந்த வழிதான் நல்ல வழி. நான் புளிக்குப் பதிலாக எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் போடுகிறேன். அதிக நேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து கூடு ரோஸ் நிறமாகிவிடும், பத்து நிமிஷம் போதும். அலசி, பழைய வேட்டியில் பரப்பி வெயிலில் காய வைத்தால் புதுக் காசு மாதிரி மின்னும்.

பெரியவரின் வார்ப்பிரும்பு பிரஸ் இப்போது என் மேசையில் இருக்கிறது. அவருக்குக் கை நடுக்கம் வந்த பிறகு, அவருடைய .30-06 மான் துப்பாக்கிக்கு நான்தான் உதவியாக உட்காருகிறேன். கைப்பிடியை நான் இழுப்பேன், தராசை அவர் பார்ப்பார், ஒவ்வொரு கூட்டையும் அவரே சோதிப்பார். இது 60,000 பவுண்டு அழுத்தத் தோட்டா, பித்தளை நீண்டுகொண்டே வரும், ஒருநாள் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே வளையமாக அறுந்துபோகும். அதற்கு முன்பே கண்டுபிடிக்க அவர் காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து வைத்திருக்கிறார். கூட்டுக்குள் விட்டு உட்சுவரில் மெல்ல மேலே இழுப்பார். பள்ளம் இருந்தால் கொக்கி அங்கே தட்டும். தட்டினால் அந்தக் கூட்டை குறடால் நசுக்கி டப்பாவில் போட்டுவிடுவார். போன வருஷம் ஒரு கூட்டுக்கு நான் எண்ணெய் தடவ மறந்து, அது டைக்குள் இறுகி, இழுத்த இழுப்பில் அடி விளிம்பு பிய்ந்து வந்தது. டிரில் போட்டு, மறை வெட்டி, போல்ட் முறுக்கி அதை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எண்ணெய்ப் புட்டியை மட்டும் என் வலது கைப்பக்கம் நகர்த்தி வைத்தார்.

2020இல் பிரைமர் தட்டுப்பாடு வந்தபோது பலபேர் இதை விட்டுவிட்டார்கள். விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறியது, ஏறின விலைக்கும் கிடைக்காது. நான் அந்த ஒன்றரை வருஷமும் மாதத்துக்கு ஐம்பது என்று கணக்கு வைத்துச் சுட்டேன். பிரஸ்ஸை மட்டும் வாரம் ஒருமுறை வெறுமனே ஓட்டி, எண்ணெய் போட்டு வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து அப்பா கூப்பிட்டார். ரிப்பன் கட்டியிருந்ததால் மனைவி போனை எடுத்து, பிறகு பேசச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். வேலையை முடித்து, பிரைமரையும் மருந்தையும் பூட்டிவிட்டுக் கூப்பிட்டேன். பெரிய விசாரிப்பெல்லாம் இல்லை. "அந்த ஸ்பிரிங் எப்படிக் கண்ணு இருக்குது?" என்றார். நல்லா இருக்குதுங்கப்பா என்றேன். "வெறும் பிரஸ்ஸ ஒரு இழுப்பு இழு, போனப் பக்கத்துல வை" என்றார். இழுத்தேன். இன்னொன்று என்றார். மறுபடி இழுத்தேன்.

"நாலு சத்தம் வரணும். மூணுதான் வருது."

எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. விளக்கைக் கிட்டே கொண்டுவந்து குனிந்து பார்த்தேன். கடைசியில் 'டிக்' என்று பின்னால் வந்து நிற்க வேண்டிய பிரைமர் பட்டை மயிரிழை முன்னாலேயே நின்றிருந்தது. பட்டையின் பள்ளத்தில் ஒரே ஒரு மருந்துத் துகள். தையல் ஊசியால் அதைத் தள்ளி எடுத்துவிட்டு, போனை மறுபடி பக்கத்தில் வைத்துக் கைப்பிடியை இழுத்தேன்.